முதுகில் ஒட்டிய தாள்

நாற்பது பேர் முதுகிலும் ஆளுக்கொரு வெள்ளைத் தாளை செல்லோடேப்பால் ஒட்டினார்கள். கையில் ஆளுக்கொரு ஸ்கெட்ச் பேனா. சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் மைக்கில் சொன்னார்: "பத்து நிமிஷம். யார் முதுகுல வேணும்னாலும் எழுதலாம். அவங்ககிட்ட உங்களுக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. நல்லது மட்டும்தான் எழுதணும். ஸ்டார்ட்!" கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் கேன்டீன் மாடியில் நடந்தது இது. ஒரு சினிமாப் பாட்டை ஓடவிட்டார்கள். பாட்டு நின்றதும் தாளைக் கழற்றிப் படிக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, படித்ததும் மனதில் என்ன தோன்றியது என்று சொல்ல வேண்டும்.

என் தாளில் பதினான்கு வரிகள் இருந்தன. பதினொன்றில் 'நல்லவர்', 'நல்ல மனிதர்', 'குட் பெர்சன்'. ஒன்றில் 'அமைதி'. ஒன்றில் 'டைமுக்கு வருவார்'. மிச்சமிருந்த ஒன்றில், கோணல்மாணலான எழுத்தில், 'கேஜ் கேட்டா முகம் சுளிக்காம தருவார்' என்று இருந்தது. தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். உண்மையிலேயே என்னிடம் ஒருநாள் அந்த அளவுக் கருவியைக் கேட்டு வந்த யாரோ எழுதியது அது. அந்த ஒரு வரி இன்றும் நினைவிருக்கிறது. மற்ற பதின்மூன்றும் யார் முதுகுக்கும் பொருந்தும்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பிரஸ் ஷாப் அண்ணன். இருநூறு டன் பிரஸ்ஸை ஓட்டுபவர். அவருடைய தாளில் ஆறு வரி, ஆறும் 'நல்லவர்'. அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் முறை வந்ததும் எழுந்து, "சந்தோஷமா இருக்கு, எல்லாருக்கும் நன்றி" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சாயங்காலம் பெரியபாளையம் வழியாக கம்பெனி பஸ் திருநின்றவூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, ஜன்னலைப் பார்த்தபடி என்னிடம் கேட்டார்: "தம்பி, பதினெட்டு வருஷமா ஓட்டுறேன். எனக்கும் ஒரு விரல் போகல, எங்கிட்ட ஹெல்ப்பரா இருந்த பசங்க யாருக்கும் போகல. பக்கத்து மிஷின்ல ரெண்டு பேருக்குப் போச்சு. அதை ஒருத்தன்கூட எழுதலையேப்பா?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரைதான் பதில்.

இப்படிப்பட்ட விளையாட்டுகளுக்கு இன்று பெரிய மரியாதை. கல்லூரியின் முதல் நாள், ஆசிரியர் பயிற்சி முகாம், சுய உதவிக் குழுக் கூட்டம், ஐ.டி. அலுவலகம், எங்களுடையதைப் போன்ற தொழிற்சாலை என்று எங்கும் 'ஐஸ்பிரேக்கர்' வைத்துத்தான் கூட்டத்தைத் தொடங்குகிறார்கள். சில இடங்களில் வட்டமாக நின்று நூல்கண்டை எறிவார்கள். யார் பிடிக்கிறாரோ அவரைப் பாராட்ட வேண்டும். சில இடங்களில் நடுவில் நாற்காலி போட்டு ஒருவரை உட்காரவைத்து, மற்றவர்கள் வரிசையாகப் புகழ்வார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான். மனிதன் பாராட்டுக்கு ஏங்குகிறான்; பக்கத்தில் இருப்பவனுக்கோ பாராட்ட வாய் வரவில்லை; விளையாட்டு அந்தக் கூச்சத்தைப் போக்கிவிட்டால் அந்நியர்கள் நண்பர்களாகிவிடுவார்கள், வேலையும் நன்றாக நடக்கும். இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. எங்களுக்கு வந்த பயிற்சியாளரும் மனதாரச் சொன்னவர்தான். ஏக்கம் இருக்கிறது என்று அவர்கள் சொல்வதும் உண்மை. பஸ்ஸில் அந்த அண்ணனின் குரலைக் கேட்டவன் நான்; அந்த ஏக்கத்தை ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். பசி உண்மையாக இருப்பதால்தான், பசித்தவன் முன் மெழுகுப் பழத்தை வைப்பது தவறாகிறது.

பயிற்சியாளர்கள் பெரும்பாலும் ஒரு கதையைச் சொல்வார்கள். நானும் அன்று கேட்டேன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஹெலன் ம்ரோஸ்லா என்ற கன்னியாஸ்திரீ கணக்கு டீச்சராக இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் பாடம் பிடிபடாமல் ஒருவர்மேல் ஒருவர் எரிந்துவிழுந்துகொண்டிருந்தபோது, வகுப்பில் உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் நல்லதாக ஒன்றை எழுதித் தரச் சொன்னார். பல ஆண்டுகள் கழித்து, அந்த வகுப்பில் படித்த ஒரு பையன் வியட்நாம் போரில் இறந்தான். கிழிந்த இடங்களில் டேப் ஒட்டி, மடித்து மடித்து நைந்துபோன அந்தத் தாள் அவன் உடைமைகளுக்குள் இருந்தது. மற்ற மாணவர்களும் தங்கள் தாளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1991இல் ரீடர்ஸ் டைஜஸ்ட்டில் வெளிவந்து உலகம் முழுக்கப் பரவிய உண்மைச் சம்பவம் இது. கண் கலங்காமல் கேட்க முடியாது. நானும் கலங்கினேன்.

ஆனால் அந்தக் கதையை முழுதாகப் படியுங்கள். அந்தப் பிள்ளைகள் முதல் நாள் சந்தித்தவர்கள் இல்லை. ஒரே வகுப்பில் மாதக்கணக்கில் சண்டை போட்டு, சமாதானமாகி, யார் பென்சில் கொடுப்பான், யார் விடை காட்டுவான் என்று அறிந்தவர்கள். பாட்டு ஓடவில்லை. ஒருவர் முதுகில் ஒருவர் அவசரமாகக் கிறுக்கவில்லை. வகுப்பு நேரம் முடியும்வரை உட்கார்ந்து எழுதினார்கள். அந்த அம்மையார் சனிக்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனித் தாளில் தன் கையால் அதையெல்லாம் எடுத்தெழுதி, திங்கட்கிழமை கொடுத்தார். எழுந்து நின்று எப்படி இருந்தது என்று சொல்லும்படி யாரையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை என்றுதான் அவர் எழுதியிருக்கிறார். பனிக்கட்டியை உடைக்க நடந்த விளையாட்டு அல்ல அது. பழகி முடித்தவர்களின் சாட்சி. அந்தச் சாட்சியைக் காட்டி, பழகாதவர்களிடம் பத்து நிமிடத்தில் அதே பலனை எடுத்துவிடலாம் என்று சொல்வது, அறுவடையைக் காட்டி விதைக்காத வயலை விற்பது போன்றது.

இந்த விளையாட்டுகளின் வேர் 1960களின் அமெரிக்காவில் இருக்கிறது. மனித ஆற்றலை மலரவைப்பது என்ற பெயரில் பல குழுப் பயிற்சிகள் அப்போது தோன்றின. ஹெர்பர்ட் ஓட்டோ என்பவர், குழுவில் ஒருவரை நடுவில் வைத்து அவருடைய பலங்களை மற்றவர்கள் அடுக்கிச் சொல்லும் முறையை வகுத்தார். மேலே சொன்ன நாற்காலி விளையாட்டின் மூதாதை அது. அதே காலத்தில், 1969இல், கிளாட் ஸ்டைனர் என்ற உளவியலாளர் குழந்தைகளுக்கான கதை ஒன்றை எழுதினார். ஓர் ஊரில் எல்லோரிடமும் பிறக்கும்போதே ஒரு பை இருக்கும். அதிலிருந்து எடுத்துக் கொடுக்கும் மெத்தென்ற சிறு பந்து யார் கையில் பட்டாலும் மனம் குளிரும். எடுக்க எடுக்கக் குறையாத பை. 'எல்லாம் தீர்ந்துவிடும்' என்று ஒரு சூனியக்காரி காதில் ஓத, மக்கள் கொடுப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். பாராட்டு விளையாட்டுக்காரர்கள் இதுவரைதான் சொல்வார்கள். அந்தக் கதையில் இன்னொரு பகுதி இருக்கிறது. மெத்தென்ற பந்துக்குத் தட்டுப்பாடு வந்ததும், சிலர் முள்போல் குத்தும் குளிர்ந்த பந்துகளின்மேல் பஞ்சு போர்த்தி, பிளாஸ்டிக் பந்துகளாகப் புழக்கத்தில் விடுகிறார்கள். அவற்றை மாற்றிக்கொண்டவர்கள், நல்லது கிடைத்தும் ஏன் மனம் நோகிறது என்று புரியாமல் தவிக்கிறார்கள். பிரஸ் ஷாப் அண்ணன் பஸ்ஸில் தவித்த தவிப்பு இதுதான். ஆறு நல்ல சொல் கிடைத்தும் ஏன் வலிக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. பாராட்டைப் போற்றிக் கதை எழுதியவரே போலிப் பாராட்டின் தீங்கைக் கண்டு சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்தை மட்டும் நமக்குக் கொண்டுவரவில்லை.

அடுத்து அவர்கள் சொல்லும் வாதம் எனக்கு உண்மையாகவே கோபம் தருவது: தமிழனுக்குப் பாராட்டத் தெரியாது, வீட்டில் அப்பா பாராட்ட மாட்டார், வேலையிடத்தில் மேஸ்திரி பாராட்ட மாட்டார், ஆகவே வெளியிலிருந்து ஒரு முறையைக் கொண்டுவந்து கற்றுக்கொடுக்க வேண்டும்.

நான் தொழில் பழகியது அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு டூல்ரூமில். முதல் வேலை, ஒரு இரும்புக் கட்டையை அரத்தால் ராவிச் சதுரமாக்குவது. மூன்று வாரம் ராவினேன். கை கொப்புளம் வெடித்துக் காய்த்தது. தினமும் மாஸ்டர் வருவார், கட்டையின் மேல் ட்ரை ஸ்கொயரை வைத்து டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். கட்டைக்கும் ஸ்கொயருக்கும் நடுவே கோடாக வெளிச்சம் தெரியும். "வருது பார்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். நான்காவது வாரம் ஒருநாள் தூக்கிப் பிடித்தார். திருப்பினார். இன்னொரு பக்கம் வைத்தார். "வெளிச்சம் வரல" என்றார். போய்விட்டார். மறுநாள் காலையில் என் வைஸ் மேல் அவருடைய சொந்த அரம் இருந்தது. மரப்பிடி கறுத்து, அவர் கை அச்சு விழுந்திருந்த அரம். வேறு யாரையும் தொட விடமாட்டார். "இதுல போடு இனிமே" என்றார்.

எனக்கு வயது ஐம்பது கடந்துவிட்டது. என் வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு எது என்று கேட்டால், 'வெளிச்சம் வரல' என்ற இரண்டு சொற்கள்தான். அதில் 'நல்ல' என்ற சொல்லே இல்லை. மூன்று வாரம் தினமும் வந்து, வெளிச்சம் வருகிறது என்று சொன்ன வாய் என்பதால்தான் அதற்கு மதிப்பு. குறையைச் சொல்ல உரிமையும் தகுதியும் உள்ளவர் நிறைவைச் சொன்னார். 'நல்லது மட்டும்தான் எழுதணும்' என்ற விதியைப் போட்ட உடனே இந்த மதிப்பு போய்விடுகிறது. மோசமென்று சொல்ல வழியில்லாத இடத்தில், நன்று என்பதற்கும் எடை கிடையாது.

தமிழனுக்குப் பாராட்டத் தெரியாது என்பவர்கள் தமிழ் வீட்டில் காது கொடுத்துக் கேட்டதில்லை. 'பரவால்லையே' என்ற சொல்லை எந்த இழுவையில் சொன்னால் எவ்வளவு பெருமை என்பது நமக்குத் தெரியும். மகன் கொண்டுவந்த மார்க் ஷீட்டைப் பார்த்து அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். சாயங்காலம் டீக்கடையில் நண்பரிடம், மகன் காதில் விழும் தூரத்தில், அதையே பேசிக்கொண்டிருப்பார். பிள்ளை அழகாக இருந்தால் அம்மா வாயைத் திறந்து சொல்ல மாட்டாள், கண் பட்டுவிடும் என்று கன்னத்தில் மை வைப்பாள். அந்த மைதான் சொல். சமையல் நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்பது, கஷ்டமான வேலை வந்தால் 'அவன்கிட்ட கொடு' என்று சொல்வது, இவையெல்லாம் நம் பாராட்டின் இலக்கணம். மௌனமான அப்பாக்களால் காயப்பட்ட பிள்ளைகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அதற்கு மருந்து, அந்த அப்பா தன் பிள்ளையைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவது. கேன்டீன் மாடியில் நாற்பது அந்நியர்கள் எழுதும் 'நல்லவர்' அந்தக் காயத்துக்கு மருந்தாகாது.

இன்னும் பின்னால் போங்கள். புகழ்வதற்கென்றே பாடாண் என்று ஒரு திணையை வகுத்த மொழி இது. அந்தத் திணையைச் சேர்ந்த புறநானூற்றின் 208ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் என்ன செய்தார்? குன்றும் மலையும் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைக் காண வந்தவரை அவன் நேரில் பார்க்கவில்லை. பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவருக்கு வறுமை. ஆனாலும் அந்தப் பரிசை வாங்க மறுத்தார். தன்னைக் காணாமல் கொடுப்பதை ஏற்க, தான் பொருளுக்குப் பாட்டு விற்பவன் இல்லை என்றார். தன் தகுதியை அறிந்து கொடுத்தால் தினையளவும் இனிதுதான் என்றார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த வழக்கில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. காணாமல் வரும் பெரும் பரிசைவிட, அறிந்து தரும் தினை பெரிது.

நான் குடியிருக்கும் திருநின்றவூர் ஒரு சாதாரண ஊர். மின்சார ரயிலில் அரக்கோணம் போகிறவர்கள் ஆவடி, பட்டாபிராம் தாண்டியதும் ஜன்னலில் பார்த்திருப்பார்கள். ஆனால் பாராட்டு என்றால் என்ன என்று யோசிக்க, இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்பேன். இரண்டு கதைகள் இங்கே இருக்கின்றன.

முதல் கதை பூசலார் நாயனாருடையது. இந்த ஊரில் சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார். பணம் திரட்ட முடியவில்லை. மனதுக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். பெரியபுராணத்தில் சேக்கிழார் அதைச் சொல்லும் விதம் ஒரு கட்டுமானக் கணக்கு போலவே இருக்கும். பொருள் சேர்த்து, தச்சர்களைக் கூட்டி, நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டு, இரவிலும் கண் உறங்காமல் வரிசை வரிசையாக எழுப்பி, சிகரம் வைத்து, சுதை பூசி, கிணறும் குளமும் மதிலும் அமைத்து, குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தான் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். இன்றும் நாம் பார்த்து வியக்கும் கைலாசநாதர் கோயில்தான் அது என்பார்கள். முந்தின இரவு கனவில் இறைவன் வந்து, நாளை நான் நின்றவூர்ப் பூசல் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், உன் நாளை மாற்றிக்கொள் என்றான். மன்னன் திருநின்றவூருக்கு வந்து, பூசல் கட்டிய கோயில் எங்கே என்று கேட்டான். அப்படி ஒரு கோயிலே இல்லை என்றார்கள் ஊரார். மன்னன் அவரைத் தன்னிடம் அழைத்துவரச் சொல்லவில்லை. தானே அவர் இருக்கும் இடத்துக்குப் போய் வணங்கினான்.

அந்த ஊரார் பூசலாரோடு தினமும் பழகியவர்கள். கெட்டவர்களும் அல்ல, பழுதில்லாத மனிதர், இந்த ஊர்க்காரர் என்றுதான் மன்னனிடம் சொன்னார்கள். அன்று பூசலார் முதுகில் ஒரு தாளை ஒட்டியிருந்தால் அவர்களும் 'நல்லவர்' என்று எழுதியிருப்பார்கள். கோயிலைப் பற்றி ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்கள். ஏனென்றால் பார்க்கவில்லை. பாராட்டு என்றால் பூசலாருக்கு நடந்ததுதான். வேலையைப் பார்த்த ஒருவன் இருந்தான். அந்த வேலையைப் பெயர் சொல்லிச் சொன்னான். அதற்காக ஓர் அரசனின் தேதி மாறியது, அரசனே கிளம்பி வர வேண்டியிருந்தது. அப்படிச் சொன்னதற்கு ஒரு விலை இருந்தது. பூசலார் கதையோடு இணைந்த, இந்த ஊரின் இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு இன்று இதய நோயாளிகள் வந்து வேண்டிக்கொள்கிறார்கள். யார் கண்ணிலும் படாமல் உள்ளே கட்டிக்கொண்டிருப்பவர்களும் அங்கே போய் நிற்கலாம் என்று எனக்குத் தோன்றும். இரவு ஷிப்டு முடித்து நான் போய் நின்றிருக்கிறேன்.

இரண்டாவது கதையை எனக்கு எதிராகவே திருப்பலாம். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். இங்குள்ள பக்தவத்சலப் பெருமாள் கோயிலின் தாயாருக்கு 'என்னைப் பெற்ற தாயார்' என்று பெயர். திருமங்கையாழ்வார் இந்த ஊர் வழியாகப் போனபோது பாடாமலே போய்விட்டார். தாயாருக்குப் பொறுக்கவில்லை. போய் ஒரு பாட்டு வாங்கி வாருங்கள் என்று பெருமாளை அனுப்பினாள். அதற்குள் ஆழ்வார் கடல்மல்லைக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பாசுரம் கிடைத்தது. ஒன்றுதானா என்று தாயார் மறுபடியும் அனுப்ப, திருக்கண்ணமங்கையில் இன்னொன்று கிடைத்தது. கடவுளே பாராட்டைக் கேட்டு வாங்கிய ஊரில் இருந்துகொண்டு, கேட்டு வாங்குவதை நீ குறை சொல்லலாமா?

கேட்பதை நான் குறை சொல்லவே இல்லை. 'என் வேலை எப்படி இருந்தது, சொல்லுங்கள்' என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தாயாரே கேட்டாள். நான் சொல்வது வேறு. அந்தக் கதையில் ஆழ்வார் பாடாமல் போக முடிந்தது. அவருக்கு அந்தச் சுதந்திரம் இருந்ததால்தான் அவர் பாடியதற்கு இத்தனை மதிப்பு. இன்றைக்கும் இந்த ஊர் அந்த இரண்டு பாசுரங்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. எங்கள் கேன்டீன் மாடியில் யாருக்கும் பாடாமல் போகும் உரிமை இல்லை. ஓரமாக நின்றவர்களை, "சார், நீங்க இன்னும் எழுதல" என்று இழுத்துவிட்டார்கள். மேனேஜர் முதுகில் இடம் போதாமல் இரண்டாவது தாள் ஒட்டினார்கள்.

அந்த மேனேஜர் தாளைப் பற்றிப் பேச்சு வந்ததால் அன்று பார்த்த மற்றதையும் சொல்கிறேன். ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பையன்கள் எங்கள் லைனில் இருந்தார்கள். மணிக்கு எத்தனை பீஸ் என்ற கணக்கில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. அவர்கள் முதுகில் தமிழில் எழுதியிருந்ததை அவர்களால் படிக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் 'குட்', 'ஸ்மைல்' என்று இருந்தது. எங்களுடன் ஆறு மாதம் வேலை செய்தும் எங்களில் பாதிப் பேருக்கு அவர்கள் பெயர் தெரியாது. இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த ஒரு தங்கையின் தாளில் ஒன்பது வரி. ஏழு அவளுடைய சிரிப்பையும் முடியையும் பற்றியது. லட்சத்தில் ஒரு பீஸில் இருக்கும் மயிரிழை வெடிப்பைக் கண்ணால் பிடிக்கிறவள் அவள். தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனாள். ஹவுஸ்கீப்பிங் அக்காமார்கள் இந்த விளையாட்டில் இல்லவே இல்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் என்பதால் அவர்களுக்குப் பயிற்சி கிடையாது. கீழே விழுந்த தாள்களைக் கூட்டி அள்ள அவர்களைத்தான் கூப்பிட்டார்கள்.

விளையாட்டு மனிதர்களை ஒட்டவைக்கும் என்கிறார்கள். யாரை யார் பார்க்கிறார்கள், யாரை யார் பார்ப்பதில்லை என்பது ஒவ்வொரு தொழிற்சாலையிலும் ஏற்கனவே எழுதாமல் எழுதியிருக்கும் கணக்கு. அந்தக் கணக்கை எல்லோர் முதுகிலும் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டியதுதான் அந்தப் பத்து நிமிடத்தில் நடந்தது.

மேலாண்மை வகுப்புகளில் ஹாதார்ன் ஆய்வைச் சொல்வார்கள். சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்தது. தொழிலாளர்கள்மேல் கவனம் வைத்தாலே உற்பத்தி கூடும் என்பது அதன் பாடமாகச் சொல்லப்படுகிறது. அந்த ஆய்வில், ஒரு தனி அறையில் ரிலே கோத்த ஐந்து பெண்களுக்கு இடைவேளை கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள், அவர்கள் சிறு குழுவின் உற்பத்திக்கே கூலி கணக்கிட்டார்கள். சொன்னதைக் கேட்கவில்லை, அதிகம் பேசுகிறார்கள் என்று இரண்டு பேரை 1928 தொடக்கத்தில் மாற்றி வேறு இருவரைப் போட்டார்கள். இத்தனையும் நடந்த அறையிலிருந்து 'கவனம்' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து நம் தலையில் கட்டுகிறார்கள். இடைவேளையும் கூலியும் வழியிலேயே காணாமல் போயின.

நம் பக்கத்திலேயே பாருங்கள். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும் என்பதற்கு, 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதே 2021 டிசம்பரில், எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பூந்தமல்லி பக்கம், விடுதிச் சாப்பாட்டால் உடம்பு கெட்ட பெண் தொழிலாளர்களுக்காக அவர்களுடைய தோழிகள் பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவில் உட்கார்ந்தார்கள். 2024 செப்டம்பரில் தொடங்கி, சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய முதல் கோரிக்கை, தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அங்கீகாரம் என்ற சொல்லுக்குத் தொழிலாளி தரும் பொருள் இதுதான்: நான் இருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்; எனக்காக நான் பேசுவதைக் கேள். ஸ்டூலும் நல்ல சோறும் சங்கமும் தராத இடத்தில் ஒட்டும் பாராட்டுத் தாள், கேட்க வேண்டிய கேள்வியை ஒரு மணி நேரம் மறக்கடிக்கும். அதனால்தான் நிர்வாகங்களுக்கு அது பிடிக்கிறது. செலவு ஒரு கட்டுத் தாளும் ஒரு டேப்பும்.

அப்படியானால் சக மனிதனைப் பாராட்டவே வேண்டாமா? வேண்டும். இன்னும் அதிகமாக வேண்டும். ஷிப்டு மாறும்போது ஐந்து நிமிடம் லைன் லீடர் நின்று, நேற்று ராத்திரி டை உடையப்போவதைச் சத்தத்திலேயே கண்டுபிடித்து மிஷினை நிறுத்தியவர் இவர் என்று பெயர் சொல்லட்டும். உற்பத்தி நின்றதற்குத் திட்டாமல் அதைச் சொல்லட்டும். ஒடியாப் பையன் பெயரை அவன் வாயால் கேட்டு, பிழையில்லாமல் சொல்லப் பழகட்டும். அந்தத் தங்கை பிடித்த வெடிப்புள்ள பீஸை, அவள் பெயர் எழுதி, ஆடிட்டுக்கு வருபவர்கள் பார்க்கும் பலகையில் வைக்கட்டும். பதினெட்டு வருடம் விரல் போகாமல் ஓட்டியவரிடம் புதுப் பையன்களை அனுப்பி, அதற்கென்று அவர் சம்பளத்தில் ஒரு வரி சேர்க்கட்டும். பாராட்டத் தோன்றாத நாளில் யாரையும் பாராட்டச் சொல்ல வேண்டாம்.

பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள்மேல் எனக்குப் பகை இல்லை. நீங்கள் மாற்ற நினைப்பது உண்மையான துயரத்தை. அடுத்த முறை எங்கள் பக்கம் வந்தால், தாளை ஒட்டுவதற்கு முன் ஒரு முழு ஷிப்டு எங்களோடு இருங்கள். பிரஸ் விழும் சத்தத்தில் நில்லுங்கள், எங்கள் சோற்றைச் சாப்பிடுங்கள், யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். எட்டு மணி நேரம் கழித்து உங்களுக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால், அதைச் சம்பந்தப்பட்டவரிடம் நேரே போய்ச் சொல்லுங்கள். மைக் வேண்டாம். முதல் ஷிப்டுக்கு எங்கள் பஸ் திருநின்றவூரிலிருந்து காலை நாலரைக்குப் புறப்படுகிறது.